காருக்கு அடியில் ஒரு கடற்கரை

காரின் அடியில் துருவைத் தடுக்க அடிக்கும் பூச்சுதான் அண்டர்கோட்டிங். இரண்டு மழைக்காலம் பார்த்த அண்டர்கோட்டிங்கைச் சோதிக்க ஒரு தட்டைத் திருப்புளியும் ஒரு டார்ச்சும் போதும். காரை ராம்பில் ஏற்றி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டியின் அடி ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்புப் பூச்சு கீறல் இல்லாமல், நேற்று அடித்தது போலத் தெரியும். திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று வரும் ஒலி ஓரிடத்தில் 'டப்' என்று அமுங்கும். அங்கே நுனியை வைத்து லேசாக நெம்பினால் அப்பளம் போல ஒரு துண்டு பெயர்ந்து கையில் விழும். அதன் உட்புறம் காவி நிறத்தில் ஈரமாக இருக்கும். மார்ச் மாதத்து மத்தியான வெயிலிலும் ஈரமாகத்தான் இருக்கும்.

அந்த ஈரம் ஏன் காய்வதில்லை என்று பிடிபட்டுவிட்டால், ராமநாதபுரம் கரையோரத்தில் கார் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவது எல்லோருக்கும் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். இரவில் பல நாள் 80ஐத் தாண்டி நிற்கும். ஆகவே தகட்டில் உப்பு ஒட்டியிருக்கும் வரை மழையே பெய்யாவிட்டாலும் அது நனைந்த தகடுதான். அதன்மேல் ரப்பர் பூச்சை அடித்து மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்தது போல ஆகிறது. பூச்சின் மேல்புறம் பளபளக்கும், உள்ளே துரு தன் பாட்டில் நடக்கும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும் என்பதால் பூச்சை அதுவே மேலே தள்ளிப் பிரிக்கும். திருப்புளியில் வந்த அப்பளம் அப்படி உண்டானதுதான்.

கம்பெனியிலிருந்து வரும்போது காரின் அடியில் என்ன இருக்கிறது? பாஸ்பேட் குளியல், அதன்மேல் மின்சாரத்தில் படிய வைத்த ஈ-கோட். அதன் தடிமன் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடியில் பாதிகூட இல்லை. தகடுகள் சேரும் விளிம்புகளில் சீலர், சக்கரக் குழிகளிலும் தரைத்தகட்டின் சில பகுதிகளிலும் பிவிசி பூச்சு. மீதி இடங்களில் மேல்நிறத்தின் தூறல் கொஞ்சம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டார்கள். அதே காற்றில்தான் நம் 20 மைக்ரானும் ஓடுகிறது.

அந்த 20 மைக்ரானை உடைப்பது கல். முன்சக்கரம் எறியும் ஜல்லி நேராகப் போய் விழும் இடங்கள் மூன்று: சில் பெட்டியின் முன்முனை, பின்சக்கரக் குழியின் முன்பக்கம், பின் ஆக்ஸில். சாலை போடும் இடத்தில் தார் பிடிக்காமல் கிடக்கும் பொடி ஜல்லியில் 60, 70 வேகத்தில் போனால் ஒரு பயணத்திலேயே பத்து இருபது வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கிராமத்துக்குள் இறங்கினால் சீமைக்கருவேலம் வேறு. வெட்டிப் போட்ட கிளை ஒன்று அடியில் மாட்டி ஒரு கிலோமீட்டர் இழுபட்டால் பூச்சைக் கோடு கோடாகக் கிழிக்கும். சில சமயம் ஏபிஎஸ் சென்சார் வயரையும் பிடுங்கிவிடும். அடியில் 'சரசர' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்தி எடுத்துவிடுவது நல்லது.

கல் திறந்த வாசலில் உப்பு எப்படி வந்து சேர்கிறது? கடற்காற்று ஒன்று. மீன் லாரியிலிருந்து வழியெல்லாம் ஒழுகும் ஐஸ் தண்ணீர் இன்னொன்று. அதன் பின்னால் பத்து நிமிடம் ஓட்டுவது அடிப்பக்கத்துக்கு உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே அடிப்பதற்குச் சமம். முந்திப் போங்கள், அல்லது தள்ளி வாருங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பள லாரிகள் சிந்துவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தனுஷ்கோடி தனி ரகம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லாக் காரும் போகிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் சாலை மேல் மணல் புரண்டு ஓடும், அலை பெரிதானால் சாலையோரக் கல்லில் அடித்துத் தெறிக்கும். உப்பு ஊறிய மணல் சக்கரக் குழிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

தண்ணீர்தான் முதல் கருவி

இங்கே பலரும் தவறுவது பூச்சில் அல்ல, தண்ணீரில். வாட்டர் சர்வீஸ் கடைகள் பெரும்பாலும் போர் தண்ணீரில் ஓடுகின்றன. கரையோரத்தில் அது சப்பைத் தண்ணீராகவோ முழு உப்பாகவோ இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. போர் தண்ணீரில் அவ்வளவு இருக்காது, ஆனால் லிட்டருக்கு 3 கிராம் இருந்தாலே, கழுவிக் காய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் உப்பு தங்கிவிடும். தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காரை விடும் முன் அந்தக் கடைத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பும் அளவு 500, மாற்று வழி இல்லாதபோது 2000 வரை. கடைசி அலசலுக்கு 500க்குக் கீழ் இருப்பது நல்லது. 1000ஐத் தாண்டினால் சேறு கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஆர்ஓ இயந்திரம் தள்ளும் கழிவுநீரைக் கார் கழுவ எடுத்து வைக்கும் பழக்கம் வேறு ஊரில் சிக்கனம். இங்கே உப்பைச் செறிவாக்கிக் காருக்கு ஊற்றும் வேலை அது. அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். இந்த ஈரக் காற்றில் இரவு முழுக்க ஓடும் ஏசி ஒரு பக்கெட்டை நிரப்பும். மீட்டரில் வைத்தால் காவிரிக் குடிநீரை விடக் குறைவாகக் காட்டும்.

அடியில் தெளிக்க, மிளகாய்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் அருமையான கருவி. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், களைக்கொல்லி ஊற்றியது வேண்டாம். அதன் நீளக்குழாய் காருக்கு அடியில் நடுவரை போகும். முதலில் போர் தண்ணீரிலேயே பிரஷர் அடித்துச் சேற்றையும் மணலையும் இறக்கிவிட்டு, அது காயும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு டேங்க், அதாவது 32 லிட்டர், நிதானமாக. சக்கரக் குழியின் மேல்விளிம்பு மடிப்பு, சப்ஃபிரேமின் (இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல்புறம், பெட்ரோல் டேங்க் பட்டைக்கும் டேங்குக்கும் இடை, பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம்: உப்பு ஒளியும் இடங்கள் இவை. பிரஷர் மெஷின் முனையை 30 சென்டிமீட்டருக்கு உள்ளே கொண்டுபோகாதீர்கள். பேரிங் சீல், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட், வயர் கனெக்டர் மேல் நேராக அடித்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக்கைச் சூடாக்கிக் காய வையுங்கள்.

தனுஷ்கோடி போய் வந்தால் அன்று மாலையே இது நடக்க வேண்டும். மற்றபடி கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

பூசுவதற்கு முன் உப்பு போனதா?

கழுவிவிட்டோம், சுத்தமாகத்தான் தெரிகிறது என்று பூச்சில் இறங்கிவிடுகிறார்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது. கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் நிரப்பும் பலாஸ்ட் தொட்டிக்குப் பூச்சு அடிக்கும் முன் தகட்டில் உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி. அதையே வீட்டில் தோராயமாகப் பார்த்துவிடலாம்.

பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் 50 மில்லி அளந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடித்தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி 10க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் கட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் சதுரத்தை ஒரு நிமிடம் துடைத்துத் தம்ளரிலேயே பிழிந்து, இன்னும் இரண்டு முறை அப்படியே. பஞ்சைத் தம்ளருக்குள் போட்டுக் கலக்கி மீண்டும் மீட்டரை வையுங்கள். 10 புள்ளி ஏறியிருந்தால் 50 மில்லியில் அரை மில்லிகிராம் உப்பு. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் சரியாக 50. பஞ்சு எல்லா உப்பையும் எடுத்துவிடாது என்பதால் உண்மையில் இருப்பது அதைவிட அதிகம். ஆகவே 10 வந்தாலே மறுபடி கழுவ வேண்டியதுதான். கையுறை அவசியம், விரல் வியர்வையே மீட்டரை நகர்த்திவிடும்.

உப்பு போன பிறகு காய வைக்க ஒரு முழு நாள் விடுங்கள். மடிப்புகளில் கம்ப்ரஸர் காற்று அடித்தால் 'காய்ந்துவிட்டது' என்று நினைத்த இடத்திலிருந்து தண்ணீர் சிதறும்.

துரு எடுப்பதில் நேரம்தான் முதலீடு. பெயரும் துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும் வரை போக வேண்டும். (உப்பை விரட்ட உப்புத்தாள், நம் ஊர்ப் பெயர் அப்படி.) சுற்றியுள்ள நல்ல பெயின்ட் விளிம்பை 180, 240இல் சரிவாக்குங்கள். படி போல விட்டால் அந்தப் படியில்தான் புதுப்பூச்சு முதலில் பிரியும். பிரஷ் எட்டாத குழிப்புள்ளிகளுக்கு மட்டும், துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவம். பெயரும் துருவின் மேல் அதைத் தடவுவது, ஈரச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. பாஸ்பாரிக் அமில வகை என்றால் டின்னில் சொல்லியபடி மிச்சத்தைக் கழுவித் துடைக்காமல் எபாக்சி பிரைமர் அடிக்காதீர்கள், பிடிக்காது. திருப்புளி நுனி தகட்டுக்குள் இறங்கும் இடம் பூச்சுக்கான இடமே இல்லை. அது டிங்கரிங் கடைக்குப் போக வேண்டியது. ஓட்டைமேல் பட்டி வைத்து மேலே கருப்படிப்பதைவிட ஓட்டையாகவே விடலாம். குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும்.

வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் அன்றைக்கே, இரண்டு பகுதியாக வந்து கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதாவது இரண்டு தடவை. ராத்திரி தாண்டவிட்டால் இந்தக் காற்றில் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். வேலை நேரம் காலை பத்திலிருந்து மாலை நான்கு. தகட்டின் சூடு பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி மேலே, ஈரப்பதம் 85க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொதுவிதி. வாடைக் காற்று மாதங்களில் இது அமைவது கடினம். மாசி, பங்குனி நல்ல காலம்.

எதை அடிப்பது, எவ்வளவு?

தார் வகை மலிவு. வெயிலில் இறுகி, ஓரிரு வருடத்தில் வெடிக்கும். வெடிப்பில் உப்புத் தண்ணீர் தங்கும். நம் கரைக்கு வேண்டாம். சொரசொரப்பான ரப்பர் அல்லது பாலியூரித்தேன் கல்தடுப்புப் பூச்சு, சக்கரக் குழிக்கும் சில் பெட்டியின் அடிக்கும் சரி. மெழுகு வகை உலராமல் பிசுபிசுப்பாகவே இருந்து மடிப்புக்குள் ஊர்ந்து போகும், கீறல் விழுந்தால் தானே கொஞ்சம் மூடிக்கொள்ளும். வெளிப்புறத்தில் அடித்துவிட்டு அரிச்சல்முனை போனால் மட்டும் அத்தனை மணலும் ஒட்டிக்கொண்டு வரும். ஆக, கல் படும் வெளிப்பரப்பில் கெட்டிப்பூச்சு, பெட்டிகளின் உள்ளே மெழுகு.

அளவில்தான் கடைக்காரர்கள் கைவைக்கிறார்கள். ஒரு சின்னக் காரின் அடியில், இன்ஜின், புகைக்குழாய் எல்லாம் கழித்து, சக்கரக் குழிகளைச் சேர்த்து, ஏறக்குறைய 6 சதுர மீட்டர் பூச வேண்டியிருக்கும். காய்ந்த பின் 400 மைக்ரான் வேண்டும், டப்பாவில் கெட்டிப்பொருள் கனஅளவில் 60 சதவீதம் என்றால், ஈரமாக ஏறத்தாழ 670 மைக்ரான் அடிக்க வேண்டும். அது சதுர மீட்டருக்கு 670 மில்லி, மொத்தம் 4 லிட்டர். சிதறலைச் சேர்த்தால் நாலரை, ஐந்து. இரண்டு ஒரு லிட்டர் டப்பாவில் முழுக் காரையும் முடித்துக் காட்டுகிறார் என்றால் உங்களுக்குக் கிடைத்தது கருப்பு நிறம் மட்டுமே. காலி டப்பாக்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்ப்ரே கன்னில் காற்றழுத்தம் 4 முதல் 6 பார், 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், இரண்டு கையாக. ஒரே கையில் தடிமனாக அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே தின்னர் மாட்டிக்கொள்ளும். விரல் வைத்து அழுத்தினால் வாரம் கழித்தும் குழி விழும்.

பூசக் கூடாத இடங்கள்: புகைக்குழாய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், வெப்பத்தகடு, ஆக்ஸிஜன் சென்சார், பிரேக் டிஸ்க், டிரைவ் ஷாஃப்ட், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ். மின்சாரக் கார் என்றால் பேட்டரிப் பெட்டியையும் ஆரஞ்சுக் கேபிளையும் தொடவே வேண்டாம்.

இவற்றைவிட முக்கியம், சில் பெட்டியின் அடியிலும் கதவின் கீழ்விளிம்பிலும் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள். பூச்சு ஒரு துளையை அடைத்தால் அந்தப் பெட்டி ஒரு தொட்டி. மழைநீர் உள்ளே நின்று உள்ளிருந்து வெளியே துருவேறும், வெளியே தெரியும்போது தகடு போயிருக்கும். அடிக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு பனை ஈர்க்கில் துணி சுற்றிச் செருகி, பூச்சு காயும் முன் உருவிவிடுங்கள். எத்தனை செருகினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டால் உருவும்போது ஒன்று விடுபடாது. கம்பியால் குத்தினால் உள்பெயின்ட் கீறும், ஈர்க்கு கீறாது.

பிறகு மெழுகு. சுற்றும் தெளிக்கும் முனை கொண்ட நைலான் குழாயைச் சில் பெட்டியின் கடைசிவரை விட்டு, தெளித்துக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 300 முதல் 400 மில்லி. துளைகளில் சொட்டினால்தான் உள்ளே மெழுகு அடிவரை வந்தது என்று அர்த்தம். ஒரு நாள் சொட்டவிட்டு, ஈர்க்கால் துளைகளை மறுபடி திறந்துவிடுங்கள்.

பழைய காரைப் புதுப்பித்து அடிப்பக்கத்துக்கும் மேல்நிறமே அடித்து வைத்திருப்பவர்கள் கருப்பை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு நிறமில்லா மெழுகு உண்டு. வழவழப்பான பரப்பில் 200 மைக்ரான் பாதுகாப்பு ஃபிலிமும் ஒட்டலாம். சொரசொரப்பின்மேல் ஃபிலிம் பிடிக்காது, ஓரத்தில் மணல் ஏறும். அந்த வண்டியை மீன் இறங்குதளத்துக்கு ஓட்டாமல் இருப்பது எல்லாவற்றையும்விட மேல்.

இன்னொரு வழக்கம்: சர்வீஸ் முடிந்ததும் கருப்பு ஆயிலில் டீசல் கலந்து அடியில் புகை போல அடிப்பது. பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். ஆனால் ரப்பர் புஷ்களும் பூட்களும் எண்ணெயில் ஊறி வீங்கும். கழிவு ஆயிலில் எரிந்த அமிலங்களும் உலோகத்தூளும் உண்டு. மண்ணில் சொட்டுவது அடுத்தவர் கிணற்றுக்கு. "ஆயில் அடிக்க வேண்டாம்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்காமலே அடித்துவிடுவார்கள்.

பூச்சை விட மலிவான காப்பு மட்ஃபிளாப். நான்கு சக்கரத்துக்கும் இருந்தால் சில் பெட்டிக்குப் போகும் கல்லில் பெரும்பகுதி அங்கேயே விழும். திருகும்போது விழும் துளையின் விளிம்பில் பிரைமரும் மெழுகும் தடவாவிட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும். சக்கரக் குழி லைனரில் விழுந்துபோன கிளிப்புகளையும் போட்டுவிடுங்கள். ஒரு கிளிப் இல்லாத இடைவெளியில் கைப்பிடி மணல் சேரும்.

ஐப்பசிக்கு முன் ஒருமுறை, தை முடிந்து ஒருமுறை, ஆண்டுக்கு இரண்டு தடவை அடியில் போய்ப் பாருங்கள். ராம்ப் இல்லையென்றால் ஆக்ஸில் ஸ்டாண்டு வைத்து; வெறும் ஜாக்கை நம்பித் தலையை உள்ளே நீட்டாதீர்கள். ஜாக் வைக்கும் விளிம்பில் ஒவ்வொரு தடவையும் பூச்சு நசுங்கும், அங்கே தொட்டுப்பூச ஒரு சின்னப் பிரஷ்ஷும் பிரைமரும் போதும். கல் பட்ட புள்ளி கண்ணில் பட்ட வாரமே தொட்டுவிட்டால் பத்து நிமிட வேலை, அடுத்த மழைக்கு விட்டால் உள்ளங்கை அகலம்.

கடைசியாகப் பிரேக் பைப். சாதாரணமாக 4.75 மில்லிமீட்டர் எஃகுக் குழாய், சுவர் 0.7 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் கிளிப்புக்குள் மணல் உட்கார்ந்த இடத்தில்தான் அது முதலில் தேயும், வெளியே தெரியாது. கிளிப்பை ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கொஞ்சம் மெழுகு தடவி மூடுங்கள். சொரசொரப்பாகக் குழி தட்டினால் எந்தப் பூச்சும் தடவ வேண்டாம், பைப்பை மாற்றுங்கள்.